செல்லாக் காசு சொல்லும் சரித்திரம்

 

மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியில் நான் சிறுவனாக இருந்தபோது நடந்த ஒரு சின்னச் சம்பவத்துடன் தொடங்குகிறேன். எங்கள் உம்மும்மாவின் பெட்டகத்தில் ஒரு தகரப் பேணி இருந்தது. அதற்குள் பழைய குற்றிக் காசுகள் சில கிடந்தன. ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு தோடம்பழ இனிப்பு வாங்கக் கடைக்கு ஓடினேன். ஐம்பது சதக் காசு அது. ஒரு பக்கம் முடி தரித்த ஒரு தலை. மறுபக்கம் ஒரு பனைமரம். கடைக்காரர் அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பலகையில் ஒருமுறை போட்டு, அது எழுப்பிய ஓசையைக் கேட்டார்.

"இது இப்ப செல்லாது மகன். உம்மும்மாட பெட்டகத்துக் காசு. கொண்டுபோய்க் குடுத்துப்போடுங்க" என்றார்.

அழுதுகொண்டே வீடு திரும்பினேன். களவெடுத்ததற்கு ஏச்சு விழும் என்று பயந்தேன். உம்மும்மா ஏசவில்லை. காசை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "கடைக்குத்தான் இது செல்லாது. தட்டாரிட்டக் கொண்டுபோனா இதில எழுதியிருக்கிறதைவிடக் கூடத் தருவார்" என்று மட்டும் சொல்லிப் பேணிக்குள் போட்டு மூடினார்.

கடையில் செல்லாத காசு தட்டாரிடம் எப்படிக் கூடுதலாகச் செல்லும்? அந்த வயதில் எனக்கு இது விளங்கவில்லை. பிற்காலத்தில் காசுகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோதுதான், உம்மும்மா சொன்ன ஒற்றை வாக்கியத்துக்குள் உலக நாடுகள் பலவற்றின் பணச் சரித்திரமே அடங்கிக் கிடப்பதை உணர்ந்தேன். அந்தச் சரித்திரத்தையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

முதலில் கடல் கடந்து அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கே வங்கிகள் சில்லறைக் காசுகளைத் தாளில் சுற்றி, சுருட்டு வடிவில் உருளைகளாகக் கொடுப்பது வழக்கம். அரை டொலர்க் காசாயின் ஓர் உருளைக்கு 20. கால் டொலர்க் காசாயின் 40. இந்த உருளைகளை வங்கியிலிருந்து வாங்கி வந்து, வீட்டு மேசையில் கொட்டி, ஒவ்வொரு காசாகப் புரட்டிப் பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட மனிதர்கள் அங்கே ஏராளம். அவர்கள் தேடுவது வெள்ளியை.

இதற்குக் காரணம் இருக்கிறது. 1964 ஆம் ஆண்டு வரை திகதியிடப்பட்ட அமெரிக்கப் பத்துச் சத, கால் டொலர், அரை டொலர்க் காசுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி இருந்தது. வெள்ளியின் விலை ஏற ஏற, அரசாங்கத்தால் அது கட்டுபடியாகாமல் போயிற்று. 1965 ஜூலை 23 ஆம் திகதி கையொப்பமான ஒரு சட்டம் பத்துச் சத, கால் டொலர்க் காசுகளிலிருந்து வெள்ளியை அடியோடு நீக்கியது. அரை டொலரில் வெள்ளி நாற்பது பங்காகக் குறைந்து, 1970 இற்குப் பின் புழக்கக் காசிலிருந்து அதுவும் அற்றுப்போனது. புதிய காசின் விளிம்பைப் பார்த்தால் நடுவே செம்பு நிறக் கோடு தெரியும். பழைய காசின் விளிம்போ முழுவதும் வெண்மை. ஆகவே தேடுபவர் உருளையைப் பிரித்ததும் முதலில் விளிம்பைப் பார்க்கிறார். பிறகு ஆண்டைப் பார்க்கிறார். வெள்ளிக் காசு அகப்பட்டால் வைத்துக்கொள்கிறார். மற்றவற்றை வங்கிக்கே திருப்பிக் கொடுக்கிறார். சட்டப்படி இரண்டுக்கும் ஒரே மதிப்பு. ஆனால் உலோகப்படி ஒன்று மற்றதைவிடப் பன்மடங்கு பெறுமதியானது.

நல்ல காசும் தரம் குறைந்த காசும் ஒரே விலைக்குச் செல்ல வேண்டும் என்று அரசு கட்டளையிட்டால், மக்கள் நல்லதை வீட்டில் வைத்துக்கொண்டு தரம் குறைந்ததைக் கடையில் கொடுத்துவிடுவார்கள். ஆகவே சந்தையில் மிஞ்சுவது தரம் குறைந்த காசே. இதனைப் பொருளியலாளர் 'கிரெஷாம் விதி' என்பர். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தோமஸ் கிரெஷாமின் பெயரை இவ்விதிக்குச் சூட்டியவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மக்லியோட் என்ற பொருளியலாளர். ஆனால் கிரெஷாம் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கெய்ரோ நகரில் இருந்து இதே நோவைக் கண்டு எழுதியவர் ஒருவர் உண்டு. அவர்தான் வரலாற்றாசிரியர் அல்-மக்ரீஸி. எகிப்தில் வெள்ளித் திர்ஹம்கள் மறைந்து செப்புக் காசுகள் பெருகியதையும், அதனால் விலைவாசி ஏறி ஏழை மக்கள் பட்ட துன்பத்தையும் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர் ஒரு நூலாக எழுதிவைத்தார். ஆட்சியாளர் காசைக் கெடுக்கும்போது அதன் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

இனி நமது கரைக்குத் திரும்புவோம்.

எருக்கலை மண்டிய மேடு என்று பொருள் தரும் எங்கள் ஊர் மன்னார்த் தீவில் இருக்கிறது. தீவிலிருந்து பாலம் கடந்து பெருநிலத்தில் கால் வைத்தால் சற்றுத் தொலைவில் மாந்தை. மாதோட்டம் என்றும் மகாதித்த என்றும் பழைய நூல்கள் பேசும் துறைமுகம் அதுவே. 1980 தொடக்கம் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் முதலிய ஆய்வாளர்கள் அங்கே அகழ்ந்தபோது சீனத்துப் பாண்டங்களும் பாரசீகத்துப் பாண்டங்களும் ஒரே மண்ணிலிருந்து வெளிவந்தன. பொருள் வந்த வழியே காசும் வந்திருக்கும் அல்லவா? ரோமப் பேரரசின் பிற்காலத்துச் சின்னஞ்சிறு செப்புக் காசுகள் இலங்கையின் பல இடங்களில் கிடைத்திருக்கின்றன. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் நந்தியின் உருவமும் 'சேது' என்ற தமிழ்ச் சொல்லும் பொறித்த காசுகளை வெளியிட்டனர். 1344 இல் இத்தீவுக்கு வந்த இபுனு பதூதா அத்தகையதோர் அரசனைச் சந்தித்து, அவனுடைய முத்துக்களைப் பற்றி எழுதியிருக்கிறார்.

பாரசீக வளைகுடாவிலிருந்து இன்னொரு விசித்திரமான பணமும் நம் கடலுக்கு வந்தது. வெள்ளிக் கம்பியை மடித்து, அதன்மேல் முத்திரை குத்திய 'லாரி' என்ற பணம் அது. பாரசீகத்து லார் என்ற நகரின் பெயரால் அமைந்தது. இலங்கையிலோ அந்தக் கம்பி தூண்டில் முள்ளைப் போல வளைந்துகொண்டது. கண்டி இராச்சியத்தில் இது வெகுவாகப் புழங்கியது.

இதைப் பற்றி எழுதியவர் ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர். 1660 இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்து, 1679 ஒக்டோபரில் தப்பிக் காட்டுவழியாக அவர் வந்து சேர்ந்தது எங்கே தெரியுமா? அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு. அங்கிருந்து மன்னாருக்கு. ஆகவே அவருடைய புகழ்பெற்ற நூலுக்கும் நம் கரைக்கும் ஓர் உறவு உண்டு எனலாம். 1681 இல் வெளியான அந்நூலில் அவர் சொல்கிற ஒரு செய்தி என்னை எப்போதும் வியக்க வைப்பது. தூண்டில் வடிவப் பணத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம்; அரசன் அதைத் தடுக்கவில்லை. தாங்கள் விரும்பிய முத்திரையையும் அதில் குத்தலாம். பின் அதை எப்படி நம்புவது? யாருக்காவது ஐயம் எழுந்தால் அந்தப் பணத்தை நெருப்பில் இட்டுச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். வெளியே எடுக்கும்போது அது மாசற்ற வெண்மையாக இருந்தால்தான் செல்லும், இல்லையேல் செல்லாது.

இங்கே கவனியுங்கள். முத்திரையை நம்பாமல் உலோகத்தை நம்பிய மக்கள் அவர்கள். காசைச் சோதிக்கும் அதிகாரம் அரண்மனையில் இல்லை, அடுப்பங்கரையில் இருந்தது. என் சிறுபிராயத்துக் கடைக்காரர் காசைப் பலகையில் போட்டு ஓசை கேட்டதும், அமெரிக்கர் இன்று மேசையில் கொட்டி விளிம்பைப் பார்ப்பதும் அதே சோதனையின் வேறு வடிவங்கள்தாம்.

மன்னார்க் கரையில் காசைச் சோதித்துப் பொறுக்குவதற்கு இன்னொரு பெரும் காரணமும் இருந்தது. அதுதான் முத்துக்குளிப்பு. சிலாவத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டி என்ற இடங்களில் சலாபம் கூடினால், வெறும் மணல் வெளியில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழும்பும். கீழக்கரையிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் அரபு நாட்டுக் கரையிலிருந்தும் சுழியோடிகள் வருவார்கள். 1906 ஆம் ஆண்டின் சலாபத்தில் இளம் அதிகாரியாகக் கடமையாற்றிய லெனார்ட் வூல்ஃப் பிற்காலத்தில் தமது வாழ்க்கை வரலாற்றில் அந்த நாள்களை விரிவாக எழுதியுள்ளார். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. ஒரு பங்கு சுழியோடிக்கும் படகுக்கும். தன் பங்கைச் சுழியோடி அன்று மாலையே கரையில் விற்றுவிடுவான். மூச்சடக்கி உயிரைப் பணயம் வைத்து உழைத்தவனின் கையில் கடைசியில் வந்து விழுவது காசு. அந்தக் காசு நல்ல காசா, தேய்ந்த காசா என்பது அவனுக்கு எவ்வளவு முக்கியம் என்று எண்ணிப் பாருங்கள்.

அக்கரையில் எத்தனை வகைக் காசு! ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் முத்துக் குத்தகை பறங்கிப்பேட்டைப் பகோடா என்ற பொற்காசில் பேசப்பட்டது. அது சென்னைப் பக்கத்து நட்சத்திரப் பகோடாவைவிடப் பொன் குறைந்தது. பெயர் பகோடாதான்; பொன்தான் வேறு. ஒல்லாந்தர் விட்டுச் சென்ற செப்புத் துட்டுக்களும், ஆங்கிலேயர் யானை உருவம் பொறித்து வெளியிட்ட இறைசால்களும் கூடவே புழங்கின. இத்தனைக்கும் நடுவில் உரைகல்லும் தராசும் இல்லாமல் வாணிபம் செய்ய முடியுமா?

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது ரூபாய். 1872 இல் இலங்கை, ஒரு ரூபாய்க்கு நூறு சதம் என்ற கணக்குக்கு மாறியது. ஆனால் ஒரு ரூபாய்க் குற்றியை இலங்கை தனக்கென அடிக்கவில்லை. இந்திய வெள்ளி ரூபாயே இங்கும் செல்லுபடியானது. பதினொன்றே முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் கொண்ட காசு அது. 1892 தொடக்கம் இலங்கைக்கென்று பத்து, இருபத்தைந்து, ஐம்பது சத வெள்ளிக் காசுகள் வெளிவந்தன. முன்பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை. பின்பக்கம் ஒரு மரம். பலர் அதைத் தென்னை என்பர். வேறு சிலர் பனை என்பர். உண்மையில் அது தாளிப்பனை. என் இனிப்புக்கு விலையாகாத காசில் நான் கண்ட மரம் இதுவே.

இந்த ஐம்பது சதக் காசின் கதையை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1892 இல் அதன் எடை 5.83 கிராம். அதில் நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி. அதாவது நாலரைக் கிராமுக்கும் சற்று அதிகமான வெள்ளி. 1917 ஆம் ஆண்டுக் காசு வரை இதே தரம். 1919 இல் வந்த காசைப் பாருங்கள். அதே பருமன், அதே எடை, அதே அரசன், அதே மரம். ஆனால் வெள்ளி நூற்றுக்கு ஐம்பத்தைந்து பங்காகக் குறைந்துவிட்டது. கண்ணால் பார்த்து வேறுபாடு காண்பது கடினம். காசின் மேல் பொறித்திருந்த ஆண்டு ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

ஏன் குறைந்தது? முதலாம் உலகப் போர். இந்தியாவிலும் நம் நாட்டிலும் பொருள்களுக்குக் கேட்பு மிகுந்தது. விலையாகக் கொடுக்க வெள்ளிக் காசு போதவில்லை. உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறியது. இலண்டனில் ஓர் அவுன்ஸ் வெள்ளி 43 பென்ஸைத் தாண்டியதும், பழைய மாற்று விகிதப்படி ஒரு ரூபாய்க் குற்றியில் இருந்த வெள்ளி ஒரு ரூபாயைவிடக் கூடுதல் பெறுமதியாகிவிட்டது. 1920 இன் தொடக்கத்தில் அந்த விலை 89 பென்ஸையும் கடந்தது. ஒரு ரூபாய்க் குற்றியை உருக்கினால் ஒரு ரூபாயைவிட அதிகம் கிடைக்குமென்றால், அதைக் கடையில் கொடுக்க யாருக்கு மனம் வரும்? அரசாங்கங்கள் ஒரு ரூபாய்க்கும் தாளை அச்சிட்டன. இந்தியாவில் 1917 நவம்பரில் ஒரு ரூபாய்த் தாள் வந்தது. இலங்கையிலும் அதே ஆண்டு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்த் தாள்கள் வந்தன.

இங்கே ஒரு வேடிக்கையான தொடர்பு. 1918 இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்ற ஒன்றை இயற்றி, தன் கருவூலத்தில் கிடந்த வெள்ளி டொலர்களில் 27 கோடிக்கு மேற்பட்டவற்றை உருக்கியது. அந்த வெள்ளியில் மிகப் பெரும்பகுதி இந்திய ரூபாயாக வார்ப்பதற்காகவே பிரித்தானியாவுக்கு விற்கப்பட்டது. இந்திய ரூபாயோ இலங்கையிலும் செல்லும் பணம். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. இந்தியாவிலிருந்து வந்தவர் மடியில் ரூபாயும் வந்தது. அமெரிக்கர் இன்று உருளை உருளையாகப் பிரித்துத் தேடுகிற வெள்ளியின் உறவினர் சிலர், எங்கள் தீவின் வழியாக ஒரு காலத்தில் நடந்து போயிருக்கக்கூடும்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. இம்முறை நிலைமை இன்னும் மோசம். 1940 இல் பிரான்ஸ் வீழ்ந்த செய்தி கேட்டு இந்திய மக்கள் தாள்களைக் கொடுத்து வெள்ளி ரூபாய்களைக் கேட்டு முண்டியடித்தனர். அந்த ஜூன் மாதத்தில், தேவைக்கு மேல் காசு சேர்ப்பது குற்றம் என்று அரசாங்கம் விதி செய்தது. ரூபாயின் வெள்ளியும் பாதியாகக் குறைக்கப்பட்டது. இலங்கையில் 1942 இல் சில்லறைக்குப் பதிலாகப் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சதங்களுக்குத் தாள்கள் வந்தன. ஐந்து சதத்துக்குக்கூட ஒரு தாள் வந்தது. அதைக் கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம், மறு துண்டு மூன்று சதம்! 1942 ஆம் ஆண்டுடன் இலங்கையின் வெள்ளி ஐம்பது சதத்தின் ஆயுள் முடிந்தது. 1943 இல் வந்த ஐம்பது சதம் பித்தளை நிறத்தில் மின்னியது. அதில் வெள்ளி ஒரு துளியும் இல்லை.

வெள்ளியெல்லாம் எங்கே போயிற்று? அரசாங்கம் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றது. மீதி மக்களின் வீடுகளுக்குள் போயிற்று. பெண்களின் கையில் போயிற்று என்பதே இன்னும் சரியாகும். மீன் விற்ற காசிலும் பாய் இழைத்த காசிலும் ஒளிர்ந்த வெள்ளிக் குற்றிகளைப் பிரித்தெடுத்து முடிச்சிலும் பேணியிலும் பெட்டகத்திலும் சேர்த்தவர்கள் அவர்களே. பள்ளிக்கூட வாசலை மிதித்திராத ஒரு மூதாட்டிக்கு ஆங்கில எண் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் கையில் எடுத்தால் பாரம் தெரியும். தரையில் போட்டால் ஓசை தெரியும். பிள்ளை பிறந்தால் அரைஞாண்; பெண் சமைந்தால் கொலுசு; வறுமை வந்தால் தட்டாரின் தராசு. இதுவே அந்தக் காசின் பயணம். வங்கிக் கணக்கு என்ற ஒன்றைக் கண்டிராத குடும்பங்களுக்கு இதுவே சேமிப்பு, இதுவே காப்புறுதி.

அரசு காசின் தரத்தைக் குறைத்தபோதெல்லாம், தன் உழைப்பின் பெறுமதி குறைந்து போகாதபடி சாதாரண மனிதன் செய்த மௌனமான தற்காப்புத்தான் இந்தப் பொறுக்குதல். இதைப் பேராசை என்று சிலர் ஏளனம் செய்வர். பதுக்கல் என்று அரசாங்கம் சொல்லும். நான் அப்படிக் கருதவில்லை.

ஆனால் நேயர்களே, இந்தக் கதைக்கு ஒரு சோகமான பக்கமும் உண்டு. தட்டாரின் மூசையில் இட்ட காசு வெள்ளியாகிறது, காசாக மீள்வதில்லை. அதன் ஆண்டும் முத்திரையும் எழுத்தும் அங்கேயே கரைந்துவிடுகின்றன. அண்மைக் காலத்து ஐம்பது சதம் கரைந்தால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. அதைப்போல் இலட்சக்கணக்கில் வார்த்திருக்கிறார்கள். ஆனால் மாந்தைப் புறத்து மண்ணிலிருந்தோ மன்னார்க் கடற்கரை மணலிலிருந்தோ கிடைத்த ஒரு பழங்காசு கரைந்தால்?

தமிழ்நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். சங்க காலத்துத் தமிழ் மன்னர்கள் பெயர் பொறித்த காசு வெளியிடவில்லை என்றே நெடுங்காலம் அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். பத்திரிகை ஆசிரியரும் காசு ஆராய்ச்சியாளருமான இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் மதுரையில் வாங்கிய பழங்காசுகளைத் துப்புரவு செய்து ஆராய்ந்தபோது, ஒரு காசில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பாண்டியன் பெயரைக் கண்டார். அதன்பின் சேர மன்னர் பெயர் பொறித்த காசுகளும் வெளிச்சத்துக்கு வந்தன. ஒரு சிறு செப்புத் துண்டு அறிஞர்களின் எண்ணத்தை மாற்றியது. அதே காசு ஆராய்ச்சியாளர் கையில் விழாமல் செம்பு விலைக்குப் பாத்திர வியாபாரியிடம் போயிருந்தால்? நமக்குத் தெரியாமலே ஒரு மன்னனின் பெயர் உருகி ஓடியிருக்கும்.

நம் நாட்டிலும் பொறுக்கியவர்கள் இருந்திருக்கிறார்கள். சிவில் சேவை அதிகாரியாக இருந்த கொட்றிங்டன் 1924 இல் இலங்கைக் காசுகள் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார். யாழ்ப்பாணத்து மன்னர்களின் காசுகளைப் பற்றிச் சுவாமி ஞானப்பிரகாசரும் முதலியார் இராசநாயகமும் ஆராய்ந்தெழுதினர். சேதுக் காசு யாருடையது என்ற கேள்விக்கு விடை தேட அவர்களுக்கு உதவியவை, எங்கோ ஒரு தோட்டத்தில் மண் கொத்தியவன் எறியாமல் எடுத்துவைத்த காசுகளே அல்லவா?

ஒரு காசு எவ்வளவு பெறுமதியானது என்று கேட்பவர் பலர். அது எங்கே கிடைத்தது என்று கேட்பவர் சிலர். சரித்திரத்துக்கு வேண்டியது இரண்டாவது கேள்விக்கான விடைதான். லாரிப் பணம் ஒன்று கொழும்பில் ஒரு வியாபாரியின் கண்ணாடிப் பெட்டியில் இருந்தால் அது ஓர் அழகுப் பொருள். அதே பணம் மன்னார்த் தீவில் இன்ன வளவில், இவ்வளவு ஆழத்தில், இன்னின்ன ஓட்டுத் துண்டுகளுடன் கிடைத்தது என்று எழுதிவைத்தால், அது பாரசீக வளைகுடாவுக்கும் நம் கரைக்கும் இடையே நடந்த வாணிபத்தின் சாட்சி.

எங்களைப் போன்ற ஊர்களுக்கு இந்தச் சாட்சி மிகவும் அவசியம். ஏனென்றால் எங்களிடம் அரண்மனை ஏடுகள் இல்லை, கல்வெட்டுக்களும் அருமை. இருந்த கொஞ்ச ஆவணங்களுக்கும் என்ன நேர்ந்தது என்பதை இந்நாடு அறியும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுலத்து முஸ்லிம்களைத் தம் சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றினர். மன்னார்த் தீவின் மக்கள் படகுகளில் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனார்கள். கொண்டுபோகக்கூடிய பணத்துக்கும் நகைக்கும் எல்லை விதிக்கப்பட்டது. உறுதிகள், கொப்பிகள், புகைப்படங்கள், பெட்டகங்கள் எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பொறுக்கிச் சேர்த்தவை அந்த ஒரே மாதத்தில் கைவிட்டுப் போயின.

எங்கள் வீட்டுத் தகரப் பேணியும் அவற்றுள் ஒன்று. உம்மும்மா அப்போது உயிருடன் இல்லை. படகேறிய அவசரத்தில் பேணியை யாரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் குழந்தைகளைத் தூக்குவதா, பேணியைத் தூக்குவதா?

2009 இல் போர் முடிந்தபின் மக்கள் மீண்டும் வந்து வளவுகளைத் துப்புரவு செய்தார்கள். புதிய வீடுகளுக்கு அத்திபாரம் வெட்டினார்கள். இப்படி மண் புரளும் காலந்தான் பழங்காசு வெளிவரும் காலம். தொலைந்து போகும் காலமும் அதுவே. ஆகவே சில வார்த்தைகளைப் பணிவுடன் சொல்ல விரும்புகிறேன்.

மண்ணிலிருந்து காசு கிடைத்தால் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்காதீர்கள். மினுக்கம் வரும், எழுத்துப் போய்விடும். கிடைத்த இடத்தையும் திகதியையும் ஒரு தாளில் எழுதிக் காசுடன் வையுங்கள். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள்களையே தொல்பொருள் என வகுத்தது. எனவே சேதுக் காசோ லாரிப் பணமோ கிடைத்தால் அது வியாபாரிக்கு உரியதன்று. தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டியது. விக்டோரியா மகாராணியின் ஐம்பது சதம் அந்த வரையறைக்குள் வராது. அது உங்கள் வீட்டுச் சொத்து. தட்டாரிடம் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், கொடுக்குமுன் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்து ஆண்டைப் பாருங்கள். யாருடைய முடிச்சிலிருந்து அது வந்தது என்று வீட்டில் மூத்தவர் எவரேனும் இருந்தால் கேளுங்கள். கேட்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நிறைவாக, அந்தக் கடைக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் 'நாணயம்' என்ற சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். ஓசை கேட்டவுடனேயே அது வெள்ளி என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு இனிப்பை என் கையில் வைத்துவிட்டுக் காசை மேசை லாச்சிக்குள் போட்டிருக்கலாம். யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். செல்லாது என்று சொல்லி அனுப்பினாரே, அந்த ஏழை மனிதரின் நாணயத்தை நான் இன்று எண்ணிப் பார்க்கிறேன்.

அந்தக் காசு 1917 இற்கு முந்தியதா, 1919 இற்குப் பிந்தியதா? எண்பது பங்கு வெள்ளியா, ஐம்பத்தைந்தா? எனக்குத் தெரியாது. தலையைப் பார்த்தேன், மரத்தைப் பார்த்தேன், ஆண்டைப் பார்க்கவில்லை. இனிப்பின் நினைவில் இருந்தேன். உம்மும்மா அதை யாரிடமிருந்து, எந்த உழைப்புக்கு விலையாகப் பெற்றார் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு ஐம்பது சதக் கதையாவது எங்கள் குடும்பத்தில் மிஞ்சியிருக்கும்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பேணியை இன்று ஒருமுறை திறந்து பாருங்கள்.